லிண்டி ஹாப், டாப்: புதிதாக ஆடத் தொடங்குபவருக்கு எது ஏற்றது?

ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபு நடனம் ஒன்றைக் கற்றுக்கொள்ள விரும்பியபோது, இணையோடு ஆடும் லிண்டி ஹாப், காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்தித் தரையைத் தட்டி ஒலியெழுப்பும் டாப் நடனம் என இரண்டு வழிகள் என் முன்னே இருந்தன. லிண்டி ஹாப்பை ஆறு வார வகுப்போடு நிறுத்திவிட்டு, டாப் நடனத்தை இரண்டு ஆண்டுகளாகக் கற்று வருகிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

லிண்டி ஹாப் 1920களின் இறுதியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உருப்பெற்றது. 1926இல் திறக்கப்பட்ட சவாய் நடனக்கூடத்தில் கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடினர். பிராங்கி மானிங், நார்மா மில்லர் போன்ற லிண்டி ஹாப் கலைஞர்களின் புகழ் அங்கிருந்துதான் பரவியது. வகுப்பில் இணைகள் அடிக்கடி மாறுவதால் துணையின்றியே சேரலாம், சாதாரணக் காலணி போதும், சில வாரங்களில் இசைக்கேற்ப ஆடிவிடலாம்.

எனக்கு முடிவைத் தந்தது, ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடைப்பட்ட ஆறு நாட்கள். லிண்டி ஹாப்பின் உயிரான ஸ்விங் அவுட் என்னும் எட்டு எண்ணிக்கை அசைவு, இருவர் கைகளுக்கு இடையே கூடியும் தளர்ந்தும் வரும் இழுவிசையில் இருக்கிறது. வீட்டில் தனியாக அடிவைப்பை எத்தனை முறை பழகினாலும், அந்த இழுவிசை சரியாக இருந்ததா என்பது இணைக்கு மட்டுமே தெரியும். டாப் நடனத்தில் தவறு உடனே காதில் விழுந்துவிடுகிறது. ஷஃபிள் என்னும் முதற்பாடத்தில் பாதத்தின் முன்பகுதியால் முன்னே ஒரு தட்டும் பின்னே ஒரு தட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று குழம்பினால், ஆசிரியர் அருகில் இல்லாமலே தெரிந்துவிடும். கைப்பேசியில் பதிவுசெய்து மெதுவாக ஓடவிட்டுக் கேட்டே என் வலது காலின் அவசரத்தைத் திருத்திக்கொண்டேன்.

இவ்வாறு காதால் கற்பது இக்கலையின் வரலாற்றோடும் பொருந்துகிறது. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோர் கிளர்ந்தெழுந்ததை அடுத்து, 1740ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் முரசு வைத்திருப்பதைத் தடைசெய்தது. கைதட்டியும் மார்பிலும் தொடையிலும் தட்டியும் எழுப்பிய தாளத்தில் அம்மரபு தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் போன்ற ஏழை மக்களின் குடியிருப்புகளில் அது அயர்லாந்துக்காரர்களின் ஜிக் ஆட்டத்தோடு கலந்து டாப் நடனமாக உருப்பெற்றது. இதனால் டாப் கலைஞரை ஆடுபவராகவும் வாத்தியக்காரராகவும் ஒருசேர மதிக்கத் தோன்றுகிறது.

டாப் நடனத்தின் உண்மையான தொல்லை தரைதான். கான்கிரீட்டும் ஓடு பதித்த தரையும் அதிர்ச்சியை உள்வாங்குவதில்லை. முதல் மாதம் அப்படியொரு தரையில் பழகியதால் முழங்காலுக்குக் கீழே வலி கண்டு பத்து நாட்கள் ஓய்வெடுக்க நேர்ந்தது. பிறகு நான்கடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி, அடியில் ரப்பர் விரிப்பை இட்டேன். கீழ்த்தளத்துக் குடும்பத்தாரிடம் கேட்டு மாலை ஆறு முதல் ஏழு வரை என்று நேரத்தை வரையறுத்துக்கொண்டேன். தகடுகளைப் பிடித்திருக்கும் திருகாணிகளை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். தளர்ந்தால் ஒலி கெடும், தரையும் கீறும்.

ஆறு வாரங்களை வைத்து லிண்டி ஹாப்பை எடைபோடுவது நியாயமாகாது. பல ஆண்டுகள் ஆடியவர்கள், முன்பின் அறியாத ஒருவரோடு சொல்லின்றி ஒத்திசைவதன் இன்பத்தைப் பற்றிப் பேசும்போது அதை நான் மறுப்பதில்லை. வீட்டில் பழக இடமில்லாதவர்களும் கூட்டத்தோடு மகிழ விரும்புபவர்களும் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

இன்னும் முடிவு செய்யாதவர்கள் ஷிம் ஷாம் என்னும் அடிவைப்புத் தொகுப்பிலிருந்து தொடங்கலாம். 1920களின் இறுதியில் டாப் கலைஞர்கள் லெனார்ட் ரீடும் வில்லி பிரையண்டும் அமைத்த அதனை லிண்டி ஹாப் ஆடுபவர்களும் சாதாரணக் காலணியோடு வரிசையாக நின்று ஆடுகிறார்கள். அதைப் பழகும்போது கண் இணையைத் தேடுகிறதா, காது காலடியைத் தேடுகிறதா என்று கவனித்துவிட்டு, தகடு பொருத்திய காலணியை அதன் பிறகு வாங்கலாம்.