ஃபையூம் முகங்கள்: மெழுகா, டெம்பராவா?

ரோமானிய எகிப்தில், கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், மம்மியின் முகத்துக்கு மேல் வைத்துக் கட்டிய பலகை ஓவியங்களுக்கு, அவை அதிகம் கிடைத்த எகிப்தின் ஃபையூம் பகுதியை வைத்து, ஃபையூம் முகங்கள் என்று பெயர். அவற்றில் பெரும்பாலானவை இரண்டு முறைகளில் தீட்டப்பட்டவை. ஒன்று உருக்கிய தேன்மெழுகில் நிறமி கலப்பது. மற்றொன்று வஜ்ஜிரம் போன்ற விலங்குப் பசையில் கலக்கும் டெம்பரா. முகத்தில் உணர்ச்சியைக் கொண்டுவருவதில் மெழுகுதான் ஒரு படி மேல் என்பேன்.

தேன்மெழுகு சுமார் 62–64 டிகிரி செல்சியஸில் உருகும். தூரிகையில் எடுத்த சில நொடிகளில் இறுகிவிடும். அதனால் தீற்றல் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் அப்படியே தங்கிவிடுகின்றன. ஆடை, பின்னணியைத் தூரிகையால் வேகமாக இழுத்துவிட்டு, கன்னத்துக்கும் நெற்றிக்கும் பல ஓவியர்கள் கடினமான கருவியைக் கையில் எடுத்தார்கள். அது விட்டுச்சென்ற குறுகிய, வளைந்த தடங்கள் கன்ன எலும்பின் வளைவோடு திரும்புகின்றன. மூக்குத் தண்டில் ஈயத்திலிருந்து செய்த வெள்ளை நிறமியின் தடித்த பூச்சு, கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. பார்வைக்கு உயிர் வருவது பெரும்பாலும் இவற்றால்தான். அந்தக் கண்களில் சோகத்தைப் பார்ப்பது நம் பழக்கம். கண்ணைப் பெரிதாக வரைவது அக்கால மரபு என்பதை மறக்கக் கூடாது.

டெம்பரா உடனே காய்வதால் ஈரத்தில் குழைத்து நிழல் கொண்டுவர முடியாது. மெல்லிய கோடுகளை அடுத்தடுத்து இழைத்துத்தான் நிழல் ஏற்ற வேண்டும். முகம் தட்டையாகவும் பளபளப்பின்றியும் நிற்கும். ஆனால் புருவத்திலும் இமையிலும் அந்தக் கோடுகளுக்குத் தனி விறுவிறுப்பு உண்டு. இதை மட்டமான வேலை என்று ஒதுக்குவது அநியாயம்.

செய்து பார்ப்பவர்களுக்கு: மெழுகை 75–80 டிகிரியில் வைத்திருங்கள், புகை வந்தால் சூடு அதிகம். பலகை குளிர்ந்திருந்தால் மெழுகு பிடிக்காமல் பெயரும், ஆகவே லேசாகச் சூடேற்றுங்கள். கடைசியில் மெழுகு அடுக்குகளை வெப்பம் காட்டிப் பிணைக்கும்போது அளவு மீறினால் தீற்றலெல்லாம் உருகிச் சமமாகிவிடும், போட்ட உழைப்பு வீண். டெம்பராவுக்கு ஒரு பங்கு வஜ்ஜிரத்தை 12–15 பங்கு நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் கரையுங்கள். கொதித்தால் ஒட்டும் வலு போகும். பசை கெட்டியானால் காயும்போது சுருங்கி வண்ணத்தைச் செதிலாகத் தூக்கிவிடும். நிறம் காய்ந்ததும் வெளிறும், அதனால் துண்டுப் பலகையில் தீட்டிக் காயவைத்துப் பார்த்த பிறகே முகத்தில் கை வையுங்கள்.

இரண்டையும் படங்களில் ஒப்பிடும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தவற்றையே தேடுங்கள். நேர் வெளிச்சத்தில் மெழுகின் மேடுபள்ளம் மறைந்து, இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.