பிறந்த குழந்தைக்கு ஊசி: கையா, தொடையா?

"பெண் குழந்தை, கையில் தழும்பு வேண்டாம், பி.சி.ஜி.யையும் தொடையிலேயே போட்டுவிடுங்கள்" என்று செவிலியரிடம் கேட்கும் பாட்டிகள் உண்டு. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைக் கையிலும், கல்லீரல் அழற்சித் தடுப்பூசியான ஹெபடைடிஸ் பி-யைத் தொடையிலும் என்று நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணை பிரித்து வைத்திருப்பது காரணத்தோடுதான்.

ஊசி இறங்கும் ஆழம்
கை: பி.சி.ஜி. தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். அளவு 0.05 மி.லி. சரியாக ஏறினால் அந்த இடம் வெளுத்துச் சிறிதாக உப்பும்.
தொடை: ஹெபடைடிஸ் பி 0.5 மி.லி.; தசைக்குள் போக வேண்டும். பச்சிளம் குழந்தையின் கையில் அதற்குத் தசை போதாது, தொடையின் முன்புற வெளிப்பக்கத்தில் உண்டு.

ஊசிக்குப் பிறகு
கை: சில வாரங்களில் சிறு கட்டி, புண், பிறகு தழும்பு. மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவாமல் விட்டால் தானே ஆறும். தொடையில் என்றால் ஈரத்துணி உரசிக்கொண்டே இருக்கும்.
தொடை: ஓரிரு நாள் வலி, லேசான வீக்கம்.

அடையாளம்
கை: இடது கைத் தழும்பே பேசும்.
தொடை: தடுப்பூசி அட்டைதான் சாட்சி.

பிட்டத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அங்கே பெரிய நரம்பு ஓடுகிறது, கொழுப்பில் தங்கினால் ஹெபடைடிஸ் பி ஊசியின் பலனும் குறையும்.

ஆக, பி.சி.ஜி.க்கு இடது கை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசிக்குத் தொடை. சில மில்லிமீட்டர் தழும்புக்காக இடம் மாற்றச் சொல்லிச் செவிலியரை வற்புறுத்த வேண்டாம்.