38 மாவட்டம் வெட்டிய ஸ்க்ரோல் சா: எட்டு மாத அனுபவம்

இருபத்தாறு வருடம் புவியியல் பாடம் எடுத்தவள் நான். மாவட்டத்தைத் துண்டாகக் கையில் எடுத்துப் பொருத்திப் பார்த்த பிள்ளைக்கு அது மறப்பதே இல்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்து விற்றதும் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான். நானும் தமிழ்நாட்டுப் படத்தை மாவட்டம் மாவட்டமாக வெட்டி, பிள்ளைகள் பொருத்தி விளையாடும் புதிர் செய்ய நினைத்தேன். ஓய்வு பெற்றதும் 14,000 ரூபாய் கொடுத்து 16 அங்குல ஸ்க்ரோல் சா ஒன்று வாங்கினேன். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி, பலகையை வளைவு வளைவாக அறுக்கும் மெஷின் அது. இதே அமைப்பில் பல கம்பெனி மெஷின்கள் வருகின்றன. அதனால் பெயர் சொல்லவில்லை.

முதலில் பிளேடு. மெஷினோடு வந்தவை இரண்டு முனையிலும் குறுக்கே சின்னக் கம்பி (pin) வைத்தவை. மாட்டுவது சுலபம்தான், ஆனால் புதிர் வெட்ட உதவாது. அகலமான பிளேடு சின்ன வளைவில் திரும்பாது. அறுத்த இடத்தில் சந்தும் பெரிதாக விழும். அப்படி வெட்டிய முதல் படத்தைத் தூக்கியதுமே அரியலூரும் பெரம்பலூரும் உதிர்ந்துவிட்டன. புதிருக்கு வேண்டியது அந்தக் கம்பி இல்லாத 2/0 எண் பிளேடு. தடிமன் கால் மில்லிமீட்டர்தான். துண்டுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். அதை மாட்டத் தனி கிளாம்ப் வேண்டும். கடையில், "அதை அப்புறம் வாங்கிக்கலாம்மா" என்றார்கள். பணம் கட்டிய பிறகு ஸ்டாக் இல்லை, மூன்று வாரம் காத்திருந்தேன். கிளாம்ப் பெட்டியிலேயே இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டாவது குறை, பலகையை வைத்து அறுக்கும் மெஷின் டேபிள். அதன் சாய்வைக் காட்டும் கோண முள் பூஜ்ஜியத்தில் நின்றாலும் டேபிள் லேசாகச் சாய்ந்திருந்தது. வெட்டிய துண்டு கீழ்ப்பக்கமாக மட்டும் கழன்றது, மேல்பக்கமாக வரவே இல்லை. இப்போது முள்ளை நம்புவதில்லை. பிளேடு ஓரம் சின்ன மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு, ஒரு சில்லை வெட்டி இரண்டு பக்கமும் கழல்கிறதா என்று பார்த்த பிறகே படத்தில் கை வைக்கிறேன்.

இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு மெஷின் அருமையாக உழைக்கிறது. பிளேடு நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை மேலும் கீழும் போய்வரும்படி வேகத்தை வைக்கலாம். நான் 800க்கு மேல் போவதில்லை. கூர்மையான முனை வந்தால் பலகையைத் தள்ளாமல், நின்ற இடத்திலேயே மெதுவாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் பிளேடு அறுந்துவிடும். படத்தின் மேல் பேக்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் மரம் கருகுவது குறைகிறது.

மரத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் கிடந்த தேக்குப் பலகையில் முதலில் வெட்டினேன். தனுஷ்கோடி முனை அதன் ரேகை வாக்கிலேயே ஒடிந்தது. 6 மில்லிமீட்டர் பிர்ச் ப்ளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், அதே முனை பிள்ளைகள் கையில் எட்டு மாதமாக ஒடியாமல் இருக்கிறது.

தூசு ஊதும் குழாய் பலவீனம், கோடு மறைந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு பிரஷ் வைத்திருக்கிறேன், முகக்கவசம் இல்லாமல் உட்காருவதில்லை. மெஷினை மேசையில் போல்ட் போட்டு இறுக்காவிட்டால் அதிர்வு தாங்காது.

ஒரு செட் வெட்ட மூன்று பிளேடு ஆகிறது. புதுச்சேரியையும் காரைக்காலையும் அடிப்பலகையோடு ஒட்டிவிட்டேன். 2020இல் மயிலாடுதுறை பிரிவதற்கு முன்னால் என்றால் நாகப்பட்டினத்துக்கே இரண்டு துண்டு வெட்டியிருக்க வேண்டும், நடுவில் காரைக்கால் வருகிறதே! இப்போது பிள்ளைகள் முதலில் காரைக்காலைத் தேடிப் பிடித்து, வடக்கே மயிலாடுதுறையையும் தெற்கே நாகையையும் வைத்துவிட்டுத்தான் மற்ற துண்டுகளைத் தொடுகிறார்கள்.