ரஷ்ய மொழிக்கு ஒரு செமஸ்டர்: பீட்டர்ஸ்பர்க்கா, பிஷ்கெக்கா, நார்வாவா?

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் தங்கி ரஷ்ய மொழி கற்பது என்றால், 2022 பிப்ரவரி வரை மாஸ்கோவா பீட்டர்ஸ்பர்க்கா என்பதுதான் கேள்வி. உக்ரைன் போர் தொடங்கியதும் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாணவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. அந்தப் படிப்புகள் கசாக்ஸ்தானின் அல்மாட்டி, கிர்கிஸ்தானின் பிஷ்கெக், லாட்வியாவின் ரீகா, எஸ்தோனியாவின் நார்வா என்று இடம் மாறின. இந்திய மாணவருக்கு ரஷ்யாவும் திறந்தே இருக்கிறது. ஆகவே நமக்குத் தேர்வுகள் கூடியிருக்கின்றன, குழப்பமும்தான்.

ஊரை எடைபோட நான் கேட்பது ஒன்றுதான்: கடையில் வார்த்தை வராமல் நீங்கள் திணறும்போது, எதிரில் இருப்பவர் எந்த மொழிக்குத் தாவுகிறார்?

ஏனென்றால், போய்த் தங்கிக் கற்க வேண்டியது காதால்தான். ஆறு வேற்றுமை என்று பயமுறுத்துவார்கள்; எட்டு வேற்றுமையோடு வளர்ந்த நமக்கு அது பெரிய பூதமில்லை. ஆனால் பாலை ‘மொலொகோ’ என்று எழுதி ‘மலகோ’ என்பார்கள். முதல் அசையை அழுத்தி ‘ஜாமக்’ என்றால் கோட்டை, ‘ஜமோக்’ என்றால் பூட்டு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைப் பிடிப்பது கஷ்டம்.

பீட்டர்ஸ்பர்க்கில் பெரும்பாலும் யாரும் எங்கும் தாவுவதில்லை. மெட்ரோ அறிவிப்பு, நாடகம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் ரஷ்யன். நடைபாதை ஓரக்கல்லை மாஸ்கோக்காரர் ‘பர்த்யூர்’ என்றால் இவர்கள் ‘பரேப்ரிக்’ என்பார்கள். அதில் ஒரு பெருமையும் உண்டு. 1724இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகமும் அங்கேதான். தொல்லை வகுப்புக்கு வெளியே. நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே வேலை செய்யாது. கையில் ரொக்கம் கொண்டுபோய், உள்ளூர் வங்கியில் ரஷ்யாவின் சொந்த ‘மீர்’ அட்டை வாங்க வேண்டும். செமஸ்டர் முழுக்கத் தங்கப் பல்கலைக்கழகத்தின் அழைப்பும் மாணவர் விசாவும் வேண்டும். செப்டம்பரில் போனால் டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூட இருக்காது. அப்புறம், மாணவர் விசாவில் போனவர்கள் உட்பட இந்தியர்கள் சிலர் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட செய்திகளையும் மறந்துவிடக் கூடாது. படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிஷ்கெக் எனக்குப் பிடித்த தேர்வு. 1991 வரை ஃப்ரூன்சே என்று பெயர். கிர்கிஸ் அரச மொழி. ரஷ்யனுக்கும் அரசியல் சட்டத்தில் அலுவல் மொழி என்ற இடம் உண்டு. மக்கள் தங்களுக்குள் கிர்கிஸ் பேசினாலும், உங்களைப் பார்த்ததும் ரஷ்யனுக்கு வருவார்கள். பலருக்கு அது இரண்டாம் மொழி என்பதால், உங்கள் பிழையைப் பார்த்து முகம் சுளிப்பதும் குறைவு. ஓஷ் சந்தையில் விலை கேட்பதே ஒரு இலக்கண வகுப்பு: ‘அதின் சோம், த்வா சோமா, ப்யாத் சோமவ்’ (ஒன்று, இரண்டு, ஐந்து சோம்; சோம் அங்கத்திய பணம்). இரண்டுக்கு ஒரு விகுதி, ஐந்துக்கு வேறொன்று. தக்காளி வாங்கி வாங்கியே அது வாயில் ஏறிவிடும். வாடகை 2022க்குப் பிறகு ஏறினாலும் செலவு பீட்டர்ஸ்பர்க்கைவிடக் குறைவு. குறை? குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை மூச்சை அடைக்கும். 2024 மே மாதம் வெளிநாட்டு மாணவர் விடுதிகளை ஒரு கும்பல் தாக்கியது. வீட்டில் கவலைப்படுபவர்களிடம் இதை மறைக்க முடியாது.

அல்மாட்டி இன்னும் வசதியான ஊர், மலையும் அழகு. ஆனால் செலவு அதிகம், தெருவில் கசாக் மொழியின் பங்கும் கூடிக்கொண்டே வருகிறது. அது அவர்கள் உரிமை, நமக்குத்தான் பயிற்சி குறையும்.

எஸ்தோனியாவின் நார்வா விசித்திரமான இடம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்யன் பேசுகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ரஷ்யாவின் இவான்கோரத் கோட்டை கண்ணுக்குத் தெரியும். ஆனால் யூரோவில் செலவு, சிறிய ஊர், இளைஞர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடக்கூடும். ஏற்கெனவே ஐரோப்பாவில் படிப்பவருக்கு நல்லது. சென்னையிலிருந்து இதற்காகவே கிளம்புவது வீண்.

என் கணக்கு இதுதான். இரண்டு வருடம் படித்தவர் பீட்டர்ஸ்பர்க் போகலாம். புதியவர் முதலில் ஆழ்வார்பேட்டை ரஷ்யக் கலாச்சார மையத்திலோ வேறெங்கோ எழுத்தும் அடிப்படையும் கற்றுக்கொண்டு பிஷ்கெக் போகட்டும்.

ஆனால் எந்த ஊரானாலும் விடுதி வேண்டாம். ரஷ்யாவிலும் கிர்கிஸ்தானிலும் ஆங்கில வழியில் மருத்துவம் படிக்கும் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களோடு இந்திய மெஸ்ஸில் சாப்பிட்டால், திணறும்போது எதிரில் இருப்பவர் தாவுவது தமிழுக்கு. ஒரு ‘ஹஸ்யாய்கா’, அதாவது வீட்டுக்கார அம்மா, இருக்கும் வீட்டில் அறை கேளுங்கள். குளியலறையில் ஏன் இவ்வளவு நேரம் என்று அவர் கேட்பதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏஜென்ட் “அங்க நம்ம பசங்க நிறைய இருக்காங்க, சாப்பாட்டுக்குக் கவலையே இல்ல” என்றால், சரி என்று தலையாட்டிவிட்டு வேறு ஏஜென்டைப் பாருங்கள்.