சிலம்பமா, கராத்தேயா? எதில் சேர்ப்பது?

ஒரே கூடத்தில் இரண்டும் சொல்லித்தருவதால், எதில் பிள்ளையைச் சேர்ப்பது என்று பல பெற்றோர் குழம்புகிறார்கள்.

செலவு: சிலம்பத்துக்குப் பிள்ளையின் புருவ உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு போதும். கராத்தேயில் மாதக் கட்டணம் போக வெள்ளைச் சீருடை, ஒவ்வொரு பெல்ட் தேர்வுக்கும் தனிப் பணம். சேரும் முன்பே தேர்வுக் கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள்.

இடம்: கராத்தேயில் கட்டா எனும், தனியாகச் செய்யும் அசைவுத் தொடரை வீட்டு ஹாலிலேயே பழகலாம். கம்பு சுழற்ற மொட்டை மாடியாவது வேண்டும்.

பழகும் விதம்: சிலம்பத்தில் நல்ல ஆசான் காலடி படியும்வரை கம்பு வீச்சுக்கு அவசரப்படவே மாட்டார். அப்புறம் இடது கையும் வலது கைக்குச் சமமாகச் சுழற்ற வேண்டும், கணுக்காலில் கம்பு பட்டுப் பட்டுத்தான் மணிக்கட்டு வழிக்கு வரும், இந்தப் பொறுமைதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. கராத்தேயில் பெல்ட்டின் நிறம் மாறும்போது முன்னேற்றம் பிள்ளைக்கே கண்ணில் தெரியும்.

போட்டி: தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் உண்டு. கராத்தே ஆசிய விளையாட்டுப் போட்டியில் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்தது, 2024 பாரிஸில் இல்லை.

கூச்ச சுபாவமுள்ள, சின்னச் சின்ன இலக்கு தேவைப்படும் பிள்ளைக்குக் கராத்தே சரி. ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுகிற பிள்ளைக்கும், நாற்பது வயதில் புதிதாகத் தொடங்குபவருக்கும் சிலம்பம்தான் என் தேர்வு. கம்பில்லாமல் தற்காப்பு மட்டும் போதும் என்பவர்கள் கராத்தேக்கே போகலாம், ஆனால் ஜோடியாக மோதிப் பழகும் குமிதே வகுப்பு அங்கே உண்டா என்று பாருங்கள்.