எஃப்ஆர்ஆர் ஓஎஸ்பிஎஃப்: பிந்தி வந்த செய்தியை என்ன செய்கிறது?

எந்த ரூட்டர் மென்பொருளை எடுத்தாலும் நான் முதலில் வேகத்தைப் பார்ப்பதில்லை. ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் என்ன செய்கிறது, பழைய செய்தி புதியதற்குப் பின்னால் வந்து சேர்ந்தால் என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பராமரித்த வலையமைப்பில் ஒரு ரூட்டர், அறுந்துபோன இணைப்பைப் பற்றிய பழைய அறிவிப்பைப் புதியதென்று எடுத்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் தரவுப் பாக்கெட்டுகள், இல்லாத ஒரு வழியில் போய் விழுந்துகொண்டே இருந்தன. அந்த இரவுக்குப் பிறகு இந்தச் சோதனை இல்லாமல் எதையும் பணியில் இறக்குவதில்லை.

இம்முறை சோதித்தது, கணினியை ரூட்டராக்கும் திறந்த மென்பொருளான எஃப்ஆர்ஆர் தொகுப்பின் ஓஎஸ்பிஎஃப் பகுதியை. ரூட்டர்கள் தங்கள் இணைப்புகளைப் பற்றி ஒன்றுக்கொன்று அறிவிப்புகள் அனுப்பி, அவற்றைக் கொண்டு வழிகளைக் கணக்கிடும் நெறிமுறைதான் ஓஎஸ்பிஎஃப். ஒரே லினக்ஸ் கணினிக்குள் அ, ஆ, இ, ஈ என நான்கு ரூட்டர்களை வளையமாகக் கோத்தேன்.

இ–ஈ இணைப்பில், லினக்ஸில் வலையமைப்புக் கோளாறுகளைப் போலியாக உண்டாக்கும் நெட்எம் கருவி கொண்டு பாதி பாக்கெட்டுகளை இரட்டிப்பாக்கினேன். எந்தச் சலசலப்பும் இல்லை. ஒவ்வொரு அறிவிப்பிலும் அதை எழுதிய ரூட்டரின் அடையாளமும், புதிதாக எழுதும்போதெல்லாம் கூடும் வரிசை எண்ணும் இருக்கின்றன. கையில் இருப்பதே மறுபடி வந்தால், கிடைத்தது என்று சொல்லும் ஒப்புகை மட்டும் போகிறது. அறிவிப்பு மேலே பரவுவதில்லை, வழிகளும் திரும்பக் கணக்கிடப்படுவதில்லை. தான் அனுப்பிவிட்டு ஒப்புகைக்குக் காத்திருக்கும் அறிவிப்பே அண்டை ரூட்டரிடமிருந்து திரும்பி வந்தால், அதையே ஒப்புகையாக ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்தது.

முன்பின் மாற்றிச் சோதிப்பதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு ரூட்டர் ஒரே அறிவிப்பை 5 நொடிக்குள் மறுமுறை எழுதாது என்பதால், கால் நொடித் தாமதத்தில் எதுவும் நடக்காது. அ–வில் இருந்து ஆ–வுக்குப் போகும் திசையில் மட்டும் 7 நொடி தாமதம் வைத்தேன். பிறகு அ–வின் ஓர் இணைப்புச் செலவை (வழி தேர்வதற்காக இணைப்புக்குக் கொடுக்கும் எண்ணை) அடுத்தடுத்து இரண்டு முறை மாற்றினேன். இரண்டாவது அறிவிப்பு ஈ, இ வழியாகச் சுற்றிக்கொண்டு ஆ–வை முதலில் அடைந்தது; நேர்வழியில் வந்த முதல் அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஆ அதை ஏற்கவில்லை. ஏற்காமல் விட்டதோடு நிற்கவும் இல்லை: தன்னிடம் இருந்த புதிய பிரதியை அ–வுக்கே திருப்பி அனுப்பியது. பழையதைச் சொன்னவருக்குப் புதியதைச் சொல்லிவிடுவதுதான் விதி. அது எழுத்துப் பிசகாமல் நடந்தது.

நான் அதிகம் அஞ்சியது மறுதொடக்கத்தை. அ–வின் நிரலைத் திடீரென்று நிறுத்தி மீண்டும் கிளப்பினேன். அது தன் பழைய வரிசை எண்ணை மறந்து பதினறும முறையில் 80000001 என்று தொடங்குகிறது. அண்டை ரூட்டர்களிடமோ அதன் பழைய அறிவிப்பு 80000017 என்ற எண்ணோடு இருக்கிறது. அவர்கள் பார்வையில் உயிரோடு வந்திருக்கும் அ பேசுவது பழங்கதை. தன் பெயரிலேயே தன்னைவிடப் பெரிய எண் வருவதைக் கண்டதும் அ அந்த எண்ணைத் தாண்டி அடுத்ததை எடுத்து, அறிவிப்பைப் புதிதாக எழுதியது. டேட்டாபேஸ் பட்டியலில் அந்த எண் மாறியதைப் பார்த்தபோது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

எண் சுற்றி வந்து மறுபடி தொடங்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. 5 நொடிக்கு ஒன்று எழுதினாலும் இந்த 32 பிட் எண் தீர 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 1980 அக்டோபரில் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் சில மணி நேரம் முடங்கியதற்குக் காரணம், 63க்குப் பிறகு மீண்டும் 0க்குத் திரும்பும் 6 பிட் வட்ட எண்தான். பிட்டுகள் தவறியதால் ஒரே கணுவின் (அன்றைய ரூட்டரின்) செய்தி 44, 40, 8 என்று மூன்று எண்களோடு உலவியது. வட்டக் கணக்கில் 44 என்பது 40க்குப் புதியது, 40 என்பது 8க்குப் புதியது, 8 என்பது 44க்குப் புதியது. ஆகவே மூன்றும் ஓயாமல் ஒன்றையொன்று துரத்தின. ஓஎஸ்பிஎஃப் எண்ணை வட்டமாக்காமல் நேர்கோடாக வைத்திருப்பதன் அருமை அந்தக் கதையைப் படித்தால்தான் புரியும்.

ஒரு குறை சொல்ல வேண்டும். அது மென்பொருளுடையது அல்ல, நெறிமுறையுடையது. பாக்கெட் உண்மையான அண்டை ரூட்டரிடமிருந்துதான் வந்ததா என்று உறுதிசெய்யும் எம்டி5 அங்கீகாரத்தை இயக்கினால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனியாக இன்னொரு வரிசை எண் வருகிறது. அது முந்தையதைவிடக் குறைந்தால் பாக்கெட் முழுவதும் தூக்கி எறியப்படும். பாக்கெட்டுகள் முன்பின்னாகும் இணைப்பில் ஒரு ஹலோ (நான் இருக்கிறேன் என்று அண்டையருக்குச் சொல்லும் பாக்கெட்) முந்திக்கொண்டால் போதும், அதன் பின்னால் வரும் செல்லுபடியான அறிவிப்பு வீணாகிறது. மறுபடி அனுப்பப்படும்வரை 5 நொடி காத்திருக்க வேண்டும். பழைய பாக்கெட்டைப் பிடித்துவைத்து மறுபடி அனுப்பும் விஷமியைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது தெரியும். இருந்தாலும் அறிவிப்பின் எண் அத்தனை பொறுமையாகச் சமாளிக்கும் ஒன்றை இந்த எண் பொறுப்பதே இல்லை.

அங்கீகாரத்தை நான் அணைக்கவில்லை. நிஜ வலையமைப்பில் ஓர் இணைப்பு பாக்கெட்டுகளை இரண்டு கம்பிகளில் மாற்றி மாற்றி அனுப்பிக் கலைத்துக்கொண்டிருந்தது. முதலில் அதைச் சரிசெய்தேன், பிறகே எஃப்ஆர்ஆரை அங்கே ஏற்றினேன்.