பார்பெஸ் முதல் கேணல் ஃபாபியான் வரை: பாரிஸில் ஒரு வழிகாட்டி நடை

பாரிஸ் மெட்ரோவின் 2ஆம் இலக்கப் பாதையில் லாச்சப்பலுக்கு வந்து போகும் நம்மவர்கள், கடைக்கும் கோயிலுக்கும் ஓடுகிற அவசரத்தில் அந்தப் பாதையின் நிலையப் பெயர்களைச் சேர்த்து வாசித்துப் பார்ப்பதில்லை. இருபது ஆண்டுகளாக நானும் வாசித்ததில்லை. பார்பெஸ், லா சப்பல் (நம் லாச்சப்பல்), ஸ்டாலின்கிராட், ஜோரெஸ், கேணல் ஃபாபியான் என்று அடுத்தடுத்து வரும் ஐந்து நிலையங்களும் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் கதையைச் சொல்வதாக விளம்பரம் செய்து, அந்தப் பாதையின் கீழேயே நடத்திக் கூட்டிச் செல்லும் சுற்றுலா ஒன்றில் கடந்த செப்டெம்பரில் கலந்துகொண்டேன். நடத்துவது ஒரு சிறு நிறுவனம். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. குறைகளும் இருப்பதால் அது தேவையும் இல்லை.

கட்டணம் ஆளுக்கு 22 யூரோ. இரண்டரை மணி நேரம் என்று சொல்லியிருந்தார்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. பதினான்கு பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட வழிகாட்டி, பிரெஞ்சு மொழியில் நிறுத்தி நிதானமாகப் பேசினார். என்னைப் போல நடுவயதில் அந்த மொழியைக் கற்றவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் காதில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த கருவிகளில் பாதி வேலை செய்யவில்லை. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் போகும் இடத்தில் இது சின்னக் குறை அல்ல. ஆண்டுகளும் பெயர்களும் வருகிற இடமாகப் பார்த்துத்தான் ரயிலும் வந்தது.

நடை பார்பெஸ் நிலையத்தின் தூண்களுக்குக் கீழே, 'மார்ல்போரோ, மார்ல்போரோ' என்று கள்ளச் சிகரெட் விற்கும் இளைஞர்களின் கூவலுக்கு நடுவே தொடங்குகிறது. 1941 ஓகஸ்ட் 21 காலையில், பியேர் ஜோர்ஜ் என்ற 22 வயதுக் கம்யூனிஸ்ட் இந்த நிலையத்தில்தான் ஜெர்மானியக் கடற்படை இளம் அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றார். பாரிஸில் ஆக்கிரமிப்புப் படையின் மீது விழுந்த முதல் குறிவைத்த சூடாக அது நினைவுகூரப்படுகிறது; அதற்குப் பழியாக ஜெர்மானியர்கள் பணயக் கைதிகளைக் கொல்லத் தொடங்கினார்கள். அதே இளைஞர்தான் பின்னாளில் கேணல் ஃபாபியான் என்ற பெயரோடு அல்சாஸ் முனைக்குப் போய், 1944 டிசெம்பரில் கண்ணிவெடி வெடித்து இறந்தவர். அவர் சுட்ட நிலையத்திலிருந்து அவர் பெயர் தாங்கிய நிலையத்துக்கு நடந்து போவது என்ற இந்த அமைப்பை யார் யோசித்தார்களோ, அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

வழிகாட்டியின் முதல் சறுக்கலும் இங்கேதான் நடந்தது. 1939 ஓகஸ்டில் ஹிட்லருக்கும் ஸ்டாலினுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டபோது கட்சி அதை நியாயப்படுத்தியதையும், அதனால் தடை செய்யப்பட்டதையும், தலைவர் மோரிஸ் தொரேஸ் தம் படைப்பிரிவை விட்டு நீங்கி மொஸ்கோ சேர்ந்ததையும், 1940 கோடையில் கட்சி ஏடான 'லூமானித்தே'யை மீண்டும் வெளியிட ஜெர்மானிய அதிகாரிகளிடமே கட்சிக்காரர் சிலர் அனுமதி கேட்டுப் பேசியதையும் அவர் தொடவே இல்லை. கேட்டிருந்தவர்களுக்கு, முதல் நாளிலிருந்தே கட்சி துப்பாக்கியோடு நின்றது என்ற எண்ணந்தான் வந்திருக்கும். போருக்குப் பின் கட்சி தன்னைச் 'சுட்டுக் கொல்லப்பட்ட 75,000 பேரின் கட்சி' என்று சொல்லிக்கொண்டதை எண்ணிக்கை மாறாமல் ஒப்பித்தார். வரலாற்றாசிரியர்கள் எண்ணியது அதில் ஒரு சிறு பகுதியைத்தான். 1941 யூனில் ஹிட்லர் சோவியத் யூனியனைத் தாக்கிய பிறகு அந்தக் கட்சிக்காரர்கள் கொடுத்த விலை உண்மையிலேயே பெரியது. அதை ஊதிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

லாச்சப்பலைக் குழு ஏழு நிமிடத்தில் கடந்தது. 'இது இந்தியப் பகுதி' என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். பெரும்பாலான கடைகள் ஈழத் தமிழர்களுடையவை என்று நான் சொன்னதற்குப் புன்னகை ஒன்று கிடைத்தது. எனக்கு வருத்தம் அதில் அல்ல. 1936இல் இடதுசாரிக் கூட்டணியான மக்கள் முன்னணி வென்று, சோசலிஸ்ட் தலைவர் லியோன் புளூமின் அரசுக்குக் கம்யூனிஸ்டுகள் 72 இடங்களோடு வெளியிலிருந்து ஆதரவளித்து, 40 மணி நேர வாரமும் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் தொழிலாளர்களுக்குக் கிடைத்த கோடையைப் பற்றிச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்த இடம் இந்தத் தெருதான். அதே கோடையில், யூலை 30 அன்று, அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை நாள் அங்கே சட்டமானது அதன் பிறகு, அடுத்த ஆண்டில்தான். லாச்சப்பலில் நின்று 1936ஐப் பேசுகிறவர் புதுச்சேரியை அறியாமலிருப்பது தயாரிப்பின் குறை.

ஸ்டாலின்கிராடில் நடை நிமிர்ந்துவிடுகிறது. நிலையத்துக்கு அந்தப் பெயர் 1946இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் கட்சி 28 சதவீதத்துக்கு மேல் வாங்கி நாட்டின் முதல் கட்சியாக நின்றது; வாக்களித்த நாலு பேரில் ஒருவருக்கு மேல் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று நாம் மருத்துவரிடம் நீட்டும் பச்சை அட்டைக்குப் பின்னால் இருக்கும் சமூகப் பாதுகாப்பு அமைப்பை நாடெங்கும் நிறுவியபோது தொழில் அமைச்சராக இருந்தவர் அம்புருவாஸ் குருவாசா என்ற கம்யூனிஸ்ட், முன்னாள் உலோகத் தொழிலாளி. 1947 மே மாதத்தில் கம்யூனிஸ்ட் அமைச்சர்கள் அரசிலிருந்து நீக்கப்பட்டார்கள், குளிர்யுத்தம் தொடங்கியது. அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் கட்சி சரிந்துவிடவில்லை என்றால் அதற்குக் காரணம் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்தது. பாரிஸைச் சுற்றிய சிவப்பு வளைய நகரங்களில் ஒரு பிள்ளை கட்சி நகரசபை கட்டிய மருத்துவ நிலையத்துக்குப் போய், அதே நகரசபை நடத்திய கோடை முகாமில் கடலை முதல்முறை பார்த்து, அப்பனோடு ஞாயிறு காலை சந்தையில் கட்சி வார ஏடு விற்று, பதினாறு வயதில் சேஜேதே தொழிற்சங்கம் வலுவாக இருந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, செப்டெம்பரில் லூமானித்தே விழாவில் பெண் பார்த்துக் கலியாணமும் முடித்துவிடலாம். இந்தப் பகுதியை வழிகாட்டி சொன்ன விதம் மிக நன்றாக இருந்தது. தம் சொந்த இளமையைச் சொல்கிறார் என்று தெரிந்தது.

ஜோரெஸ் நிலையத்தருகே, கால்வாய் ஓரத்தில் உட்கார வைத்து 1914க்கும் 1920க்கும் பின்னோக்கிப் போனார். நிலையங்களின் வரிசையும் ஆண்டுகளின் வரிசையும் பொருந்தாது என்பதால் புதியவர்கள் குழம்பக்கூடும்; எனக்கு அது தடையாகத் தெரியவில்லை. லூமானித்தேயை 1904இல் தொடங்கிய ஜோன் ஜோரெஸ் சோசலிஸ்ட்; போரைத் தடுக்கப் பாடுபட்டு 1914 யூலை 31 அன்று சுடப்பட்டவர். ஜெர்மனியின் பெயரைத் தாங்கியிருந்த தெருவுக்கும் நிலையத்துக்கும் அந்த ஆண்டே அவர் பெயர் வந்தது. 1920 டிசெம்பரில் தூர் நகர மாநாட்டில் சோசலிஸ்ட் கட்சி உடைந்தபோது பெரும்பான்மை மொஸ்கோவோடு போய்க் கம்யூனிஸ்ட் கட்சி ஆனது, ஏடும் அவர்களோடு போனது, சிறுபான்மையோடு நின்றவர் புளூம். பின்னாளில் ஹோ சி மின் ஆன வியட்நாமிய இளைஞர் அந்த மாநாட்டில் பேராளராக எழுந்து குடியேற்ற நாடுகளைப் பற்றிப் பேசினார்.

ஜோரெஸைத் தாண்டியதும் ரயில் பாதை பாலத்திலிருந்து இறங்கி நிலத்துக்கடியில் போய்விடுகிறது. அதுவரை மிருகச் சண்டைகளின் நினைவாக 'கொம்பா' என்றிருந்த அடுத்த நிலையம் 1945இல் கேணல் ஃபாபியான் ஆனது. எதிரே கட்சியின் தலைமையகம். இதற்காகவே இந்த நடைக்கு வரலாம். பிரேசிலில் 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் வெளிநாட்டில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ஒஸ்கார் நீமேயர் இதைக் கட்சிக்காக இலவசமாக வரைந்து கொடுத்தார். அலை போல வளைந்த கண்ணாடிக் கட்டடம் 1971இல் முடிந்தது. கண்ணாடிச் சுவர் ஜோன் புரூவேயின் வேலை. முன்வெளியில் மண்ணைப் பிளந்து பாதி எழுந்த வெள்ளைக் கோளம் போன்ற மண்டபம் 1980இல்தான் முடிந்தது. உள்ளே போனால் கூரை முழுவதும் ஆயிரக்கணக்கான மெல்லிய அலுமினியத் தகடுகள். விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெளிச்சம் மட்டும் இறங்குகிறது. கீழ்த்தளக் கூடத்தில் தரை சமமாக இல்லை, மெல்ல ஏறி இறங்குகிறது. நடக்கும்போது கால்தான் அதை முதலில் அறிகிறது. 2007இல் அரசு இதை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தது. இப்போது பேஷன் காட்சிகளுக்கும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள்.

நுழைவு உட்பட என்று நிறுவனம் விளம்பரத்தில் எழுதியிருந்தது. நாங்கள் போனது மரபுரிமை நாட்களின் வார இறுதி, அன்று யாருக்கும் நுழைவுக் கட்டணமே இல்லை. இதை வாசலில்தான் அறிந்தோம்.

பெரிய குறை அது அல்ல. மண்டபம் முடிந்த ஆண்டு 1980 என்று சொன்ன வழிகாட்டி, 'பிறகு 1991இல் சோவியத் யூனியன் விழுந்தது, எல்லாம் முடிந்தது' என்று பத்து நிமிடத்தில் வீழ்ச்சியை மூட்டை கட்டிவிட்டார். கணக்கு அப்படி இல்லை. 1978 நாடாளுமன்றத் தேர்தலில் கட்சி ஏறத்தாழ 20.6 சதவீதம் வாங்கிப் போருக்குப் பின் முதல்முறையாகச் சோசலிஸ்டுகளுக்குப் பின்னால் போனது. 1981 ஜனாதிபதித் தேர்தலில் கட்சித் தலைவர் ஜோர்ஜ் மார்ஷேக்குக் கிடைத்தது 15.35, 1986 நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு 9.8, 1988 ஜனாதிபதித் தேர்தலில் கட்சி வேட்பாளருக்கு 6.76. பெர்லின் சுவர் விழுவதற்கு முன்பே மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. 1972இல் சோசலிஸ்ட் தலைவர் மித்தரோனோடு கையெழுத்திட்ட பொதுத் திட்டத்தில் கட்சி தன் வாக்குகளைத்தான் பணயம் வைத்தது. ஐந்து மில்லியன் கம்யூனிஸ்ட் வாக்காளரில் மூன்று மில்லியன் பேரைத் தம் பக்கம் இழுக்க முடியும் என்று கையெழுத்தான சில நாட்களிலேயே மித்தரோன் வியன்னாவில் வெளிப்படையாகச் சொன்னார், செய்தும் காட்டினார். 1977இல் உடன்பாட்டைக் கட்சி முறித்தபோது பழி கட்சி மேல் விழுந்தது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை 1980 ஜனவரியில் மார்ஷே மொஸ்கோவிலிருந்தே தொலைக்காட்சியில் ஆதரித்தார். அந்த ஆண்டு நத்தாருக்கு முதல்நாள், வித்ரி நகரில் மாலி நாட்டுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டிருந்த விடுதி கம்யூனிஸ்ட் மேயரின் முன்னிலையில் புல்டோசரால் தாக்கிச் சேதமாக்கப்பட்டது. லா கூர்நேவிலும் பொபினியிலும் பின்னர் வந்து குடியேறிய நமக்கு இந்த ஒரு சம்பவம் தெரிந்திருக்க வேண்டும். 1981இல் நான்கு அமைச்சர்களோடு அரசுக்குள் போய், சிக்கனக் கொள்கை வந்தபின் 1984இல் வெளியே வந்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. லொங்வியின் உருக்காலைகள், வடக்கின் நிலக்கரிச் சுரங்கங்கள், 1992இல் பியாங்கூர் ரெனோ ஆலை என்று ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை போனால் சங்கம் போகும். சங்கம் போனால் கட்சிக்கு அடுத்த ஆள் எங்கிருந்து வருவான்? 2002 ஜனாதிபதித் தேர்தலில் கட்சி வேட்பாளர் ரொபேர் உய் 3.37 சதவீதத்தோடு திரொத்ஸ்கிய வேட்பாளர்கள் இருவருக்குப் பின்னால் வந்ததும், 2007இல் கட்சி 1.93க்கு இறங்கியதும், 1945 முதல் கையிலிருந்த சென் தெனி நகரசபை 2020இல் போனதும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள். இந்த இருபது ஆண்டுகளை அரை மணி நேரம் சொல்லாத நடையை முழுமையானது என்று நான் ஏற்க மாட்டேன்.

விடைபெறும் முன் வழிகாட்டி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தம் தந்தையின் கட்சி அட்டைகளைக் கைமாற்றிக் காட்டினார். தந்தை ரெனோ பியாங்கூரில் வேலை செய்தவர். 1947 முதல் ஆண்டுக்கு ஒன்று, உள்ளே மாதத்துக்கு ஒரு சந்தா முத்திரை, ஓரம் கோணாமல் ஒட்டியது. கடைசி அட்டை 1979ஆம் ஆண்டினது. ஏப்ரலுக்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். 'அதைப் பற்றி அப்பா வீட்டில் பேசியதில்லை' என்று சொல்லி உறைக்குள் வைத்துவிட்டார். 1991 என்று சற்றுமுன் சொன்னவர் அவர்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு: செப்டெம்பர் மூன்றாவது வார இறுதியில் கட்டடம் இலவசமாகத் திறந்திருக்கும்போது போங்கள், வரிசை நீளும் என்பதால் காலையிலேயே போங்கள். பிரெஞ்சு ஓரளவு விளங்குமென்றால், பார்பெஸ் முதல் ஸ்டாலின்கிராட் வரையான பகுதிக்காக இந்த வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கலாம்; ஐந்துக்கு மூன்று புள்ளிகள் தருகிறேன். முன்பதிவு செய்யும்போது காதுக் கருவியைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள், பாதி வழியில் லாச்சப்பலில் ஒரு பிளேன்ரீக்கு நிறுத்தச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டோம், நேரமில்லை என்றார்.